ட்ராலியை நிரப்பி வைத்தது யார்? வேலையிடத்தில் உதவியும் நல்ல பேரும்

இரவு ஷிஃப்ட் முடியப் போகிறது. வார்டில் ஒரு செவிலியர் கிளம்புவதற்கு முன் மருந்து ட்ராலியை இழுத்துப் பார்க்கிறார். சிரிஞ்சு குறைவாக இருக்கிறது, கையுறைப் பெட்டி காலி. ஸ்டோருக்குப் போய் எடுத்து வந்து நிரப்புகிறார். ஒரு நோயாளிக்கு ஏறிக்கொண்டிருக்கும் ட்ரிப் இன்னும் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்று தெரிந்ததும், அடுத்த பாட்டிலைப் பக்கத்திலேயே எடுத்து வைக்கிறார். ஏழெட்டு நிமிட வேலை. காலையில் வருகிறவருக்கு ட்ராலி நிறைந்திருப்பது கண்ணில் படாது. காலியாக இருந்திருந்தால்தான் பட்டிருக்கும்.

அதே வார்டில் இன்னொருவர், புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு நோயாளி விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லிக் கொடுக்கிறார். பொறுமையாக, நன்றாகவே சொல்லிக் கொடுக்கிறார். ஆனால் மேற்பார்வையாளர் ரவுண்ட்ஸ் வரும் நேரமாகப் பார்த்து உட்காருகிறார். அவர் தாண்டிப் போனதும் "மீதியை நாளைக்குப் பார்க்கலாம்" என்று எழுந்துவிடுகிறார்.

படித்ததும் மனம் தீர்ப்பு சொல்லிவிடும்: முதலாமவர் நல்லவர், இரண்டாமவர் சீன் போடுகிறார். நானும் பல வருஷம் இப்படித்தான் ஆட்களைப் பிரித்து வைத்திருந்தேன். ஆனால் அந்தப் புதியவருக்குப் பாதி வேலையாவது புரிந்தது இரண்டாமவரால்தான். நல்ல பேர் வாங்கும் ஆசையும் உதவும் மனசும் ஒன்றையொன்று எப்படித் தொடுகின்றன என்பதை மேலாண்மை ஆய்வாளர்கள் நாற்பது வருஷமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டது நம் அவசரத் தீர்ப்பைவிடச் சிக்கலானது, அதைவிட உபயோகமானது.

முதலில், இந்தக் 'கூடுதல் உதவி' ஏன் ஆராய்ச்சிப் பொருளானது என்று பார்ப்போம். தொழிற்சங்கங்கள் சில சமயம் 'விதிப்படி வேலை' என்று ஒரு போராட்டம் நடத்தும். யாரும் லீவு போடுவதில்லை, கோஷம் போடுவதில்லை. சட்டப் புத்தகத்தில் எழுதியிருப்பதை மட்டும், எழுதியிருக்கிறபடியே செய்வார்கள். அதிலேயே வேலை முடங்கிப் போய்விடும். எழுதி வைத்த கடமைகளால் மட்டும் எந்த நிறுவனமும் ஓடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. மனமுவந்து ஒத்துழைக்கிற ஆட்கள் இல்லாமல் அமைப்பே இல்லை என்று செஸ்டர் பர்னார்ட் 1938இலேயே எழுதினார். அவர் அமெரிக்காவில் ஒரு தொலைபேசி நிறுவனத்துக்குத் தலைவராக இருந்தவர். அனுபவத்திலிருந்து சொன்னது அது. 1964இல் டேனியல் காட்ஸ் என்ற உளவியலாளர் இன்னும் அழுத்தமாகச் சொன்னார்: வகுத்து வைத்த நடத்தையை மட்டுமே நம்பியிருக்கும் அமைப்பு சுலபமாக உடைந்துவிடும்.

இதற்கு ஒரு பெயர் வைத்தது டென்னிஸ் ஆர்கன் என்ற மேலாண்மை ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும். வேலையில் திருப்தியாக இருப்பவர் அதிகம் உற்பத்தி செய்வார் என்று மேலாளர்கள் பிடிவாதமாக நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆராய்ச்சியோ அந்தத் தொடர்பு பலவீனமானது என்று காட்டிக்கொண்டே இருந்தது. ஆர்கன் ஒரு வித்தியாசமான கேள்வியைக் கேட்டார்: மேலாளர்கள் சொல்லும் 'நல்ல வேலை' எண்ணிக்கையைப் பற்றியதே இல்லையோ? பக்கத்து சீட்டுக்காரருக்குக் கைகொடுப்பது, சின்ன அசௌகரியத்துக்கெல்லாம் முணுமுணுக்காமல் இருப்பது, சொல்லாமலே ஒரு காரியத்தை எடுத்துச் செய்வது, இவற்றைத்தான் அவர்கள் மனதில் வைத்திருக்கிறார்களோ? 1983இல் வந்த ஆய்வுகள் இதற்கு 'நிறுவனக் குடிமை நடத்தை' என்று பெயர் கொடுத்தன. நல்ல குடிமகன் சட்டத்துக்குப் பயந்து மட்டும் நடப்பதில்லை அல்லவா, அந்தப் பொருளில். 1988இல் எழுதிய நூலில் ஆர்கன் இதை ஐந்தாகப் பிரித்தார்: பிறருக்கு உதவுதல், கடமைக்கு மேல் ஒழுங்காக இருத்தல், குறை சொல்லாமல் பொறுத்துப் போதல், பிறருக்குத் தொல்லை வராமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுதல், நிறுவன விவகாரங்களில் அக்கறையோடு பங்கெடுத்தல். ட்ராலியை நிரப்பியது அந்த நான்காவது வகை. தொல்லை வராமல் தடுப்பது என்பதாலேயே அது கண்ணுக்குத் தெரியாது. நடக்காமல் போன ஒன்றை யார் பார்ப்பார்கள்?

ஆர்கனின் முதல் வரையறையில் ஒரு நிபந்தனை இருந்தது. இந்த நடத்தை தன் விருப்பத்தில் வருவது, சம்பள, பரிசு முறைகள் இதை நேரடியாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பது அது. 1997இல் அவரே அந்த நிபந்தனையைத் தளர்த்தினார். காரணம் எளிது. நடைமுறையில் மேலதிகாரிகள் இதைப் பார்க்கிறார்கள், மதிக்கிறார்கள், மதிப்பெண்ணிலும் சேர்க்கிறார்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்த இடத்தில், பார்க்கும்படி செய்வதற்கும் ஆள் இருக்கும்.

அங்கேதான் இரண்டாவது கதை வந்து சேர்கிறது. எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1950களில் அன்றாட வாழ்க்கையை நாடக மேடையாக வைத்துப் பேசினார். பிறர் முன்னால் ஒரு முகம், திரைக்குப் பின்னால் வேறொன்று. இதை அவர் பொய் என்று சொல்லவில்லை. மனிதர்கள் சேர்ந்து வாழ்வதே இப்படித்தான் என்றார். 1982இல் எட்வர்ட் ஜோன்ஸும் தேன் பிட்மனும் நாம் போடும் வேஷங்களை ஐந்தாக வகுத்தார்கள். நம் மொழியில் சொல்வதானால்: ஐஸ் வைப்பது, தன் திறமையைத் தம்பட்டம் அடிப்பது, அர்ப்பணிப்பு மிக்கவராகத் தெரிவது, மிரட்டுவது, பாவமாகத் தெரிவது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆபத்தும் உண்டு. ஐஸ் வைப்பவருக்கு ஜால்ரா என்ற பேர் வரலாம். அர்ப்பணிப்பு காட்டுபவருக்குப் பாசாங்குக்காரர் என்ற பேர் வரலாம்.

இந்த ஐந்தில் முதலாவதையும் மூன்றாவதையும் கவனியுங்கள். பிறருக்குப் பிடித்தவராக வேண்டுமா? உதவி செய்ய வேண்டும். அர்ப்பணிப்புள்ளவராகத் தெரிய வேண்டுமா? சீக்கிரம் வந்து, நேரம் கழித்துக் கிளம்பி, கேட்காத வேலையையும் எடுத்துச் செய்ய வேண்டும். அதாவது நல்ல பேர் வாங்கும் வழியும் ஆர்கன் சொன்ன நல்ல குடிமையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே செயல்கள். 1999இல் மார்க் பொலினோ என்ற மேலாண்மை ஆய்வாளர் இதைத்தான் ஒரு கட்டுரையில் நேருக்கு நேர் கேட்டார்: இவர்கள் நல்ல சிப்பாய்களா, நல்ல நடிகர்களா?

அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் பட்டது அவர் கேள்வியை அடுத்த படிக்குக் கொண்டுபோன விதம். செயல் ஒன்றாக இருந்தாலும், பேருக்காகச் செய்யும்போது அது எப்போது, யாருக்கு, எந்த வகையில் என்பது மாறும் என்றார். பார்வையாளர் இருக்கும்போது நடக்கும். அதிகாரம் உள்ளவருக்கு உதவி அதிகமாகப் போகும். அப்ரைசலுக்கு முந்தைய மாதங்களில் கூடும். இன்னொரு நுட்பமான விஷயம்: பிறருக்குத் தெரிகிற காரியத்துக்காகத் தன் மேஜையில் கிடக்கும் சொந்த வேலையைத் தள்ளிப்போட்டால், உதவியின் எண்ணிக்கை கூடியும் நிறுவனத்துக்கு லாபம் இருக்காது.

இதற்கு ஒரு நல்ல கள ஆதாரம் உண்டு. 2000இல் சுன் ஹூய், சைமன் லாம், கென்னத் லா ஆகியோர் ஒரு பன்னாட்டு வங்கியின் கவுன்டர் ஊழியர்களை ப்ரமோஷனுக்கு முன்னும் பின்னும் கவனித்தார்கள். கூடுதலாக உதவினால் பதவி உயர்வு கிடைக்கும் என்று நம்பி உதவியவர்கள் இருந்தார்கள். உதவியவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பும் கூடுதலாகவே இருந்தது. உயர்வு கைக்கு வந்த பிறகு, அந்த நம்பிக்கையோடு உதவியவர்களிடம்தான் உதவும் பழக்கம் குறைந்தது. ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி என்பார்களே, அதே கதை.

சரி, அப்படியானால் பேருக்காகச் செய்யும் உதவி கள்ளப் பணமா? இங்கேதான் எனக்குப் பழைய தீர்ப்பு உடைந்தது. 2001இல் ஷீலா ரியூவும் லூயிஸ் பென்னரும் மக்கள் ஏன் உதவுகிறார்கள் என்று கேட்டு மூன்று வகைக் காரணங்களைப் பிரித்தெடுத்தார்கள்: பிறர் மேல் அக்கறை, நிறுவனத்தின் மேல் அக்கறை, தன் பிம்பத்தின் மேல் அக்கறை. இவை ஒரே ஆளிடம் ஒன்றாகவே இருக்கலாம். 2009இல் ஆடம் கிராண்டும் டேவிட் மேயரும் இதைச் சோதித்தபோது வந்த முடிவு பலரும் எதிர்பார்க்காதது. அக்கறை மட்டும் இருப்பவர்களைவிட, அக்கறையும் நல்ல பேர் ஆசையும் சேர்ந்து இருப்பவர்களே கைகொடுப்பதில் முன்னால் நின்றார்கள். பேர் ஆசை அக்கறையைக் கொன்றுவிடவில்லை. அதற்கு ஒரு வடிகால் காட்டியது.

யோசித்தால் இது விளங்கும். அக்கறை நிறைய இருந்தும் கூச்சத்தால் ஒதுங்கி நிற்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். "நான் போய்ச் சொன்னால் தலையிடுவது போல ஆகிவிடுமோ" என்று தயங்குவார்கள். பிறர் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்று கவனிக்கிறவருக்கு, எந்த உதவி எந்த நேரத்தில் எப்படிக் கொடுத்தால் எதிராளி கூசாமல் வாங்கிக்கொள்வார் என்பதும் தெரியும். அந்தக் கவனம் தன்னலத்திலிருந்து வந்தாலும் உதவி பெறுகிறவருக்கு இதமாகவே இருக்கிறது.

ஆனால் கிராண்டும் மேயரும் பேசியது இணக்கமான, யாரையும் உரசாத உதவிகளைப் பற்றி. இணக்கமில்லாத உதவி என்று ஒன்று உண்டு. "சார், இந்த டார்கெட் நடக்காது. நம் டீம் ஆட்கள் மூணு பேர் ஏற்கெனவே ராத்திரி பத்து மணி வரை உட்காருகிறார்கள்" என்று மீட்டிங்கில் எழுந்து சொல்வதும் உதவிதான். இன்னும் சொன்னால் பெரிய உதவி. 1998இல் லின் வான் டைனும் ஜெஃப்ரி லெபைனும் உதவுவதையும் இப்படிக் குரல் கொடுப்பதையும் தனித்தனி நடத்தைகளாகக் காட்டினார்கள். உதவினால் உறவு பலப்படும். குரல் கொடுத்தால் உறவு சிராயும். பேர் கெடக் கூடாது என்ற கவலை அதிகமாக இருப்பவர் முதலாவதை நிறையச் செய்வார், இரண்டாவதை விட்டுவிடுவார். பிம்பத்தை வைத்து ஓடும் அலுவலகங்களில் எல்லோரும் இனிமையாக இருந்தும் கப்பல் ஓட்டையாவது யாருக்கும் தெரியாமல் போவதற்கு இது ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம், பார்க்கிறவர் பக்கம். உதவியை யார் அளக்கிறார்? பெரும்பாலும் மேலதிகாரி. ஆராய்ச்சிகளிலும் பல முறை, ஒருவர் எவ்வளவு உதவினார் என்பதற்கு மேலதிகாரி கொடுத்த மதிப்பெண்தான் கணக்கு. 1994இல் கென்னத் ஈஸ்ட்மன் காட்டியது போல, ஒரே கூடுதல் வேலையை மேலாளர் 'நல்ல குடிமை' என்று எண்ணினால் பரிசு கூடுகிறது. 'காக்கா பிடிக்கிறார்' என்று எண்ணினால் குறைகிறது. செயலைவிட, செயலுக்குப் பின்னால் என்ன எண்ணம் இருக்கிறது என்று மேலாளர் ஊகிப்பதே முடிவு செய்கிறது. 2006இல் பொலினோவும் உடன் ஆய்வாளர்களும் இன்னொன்றைக் கண்டார்கள். மேலதிகாரியை நோக்கிய ஐஸ் வைக்கும் உத்திகளைக் கையாண்டவர்களுக்கு 'குடிமை' மதிப்பெண்ணே கூடுதலாக விழுந்தது. அதாவது நாம் உதவி என்று அளப்பதில் ஒரு பகுதி, உதவி செய்பவர் மாதிரித் தெரியும் திறமை.

இதை நான் என் கையாலேயே செய்திருக்கிறேன். ஒரு அலுவலகத்தில் ஏழு பேருக்கு அப்ரைசல் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. 'குழுவுக்கு உதவுகிறாரா' என்று ஒரு கட்டம். ஒருவருக்கு ஐந்துக்கு ஐந்து போட்டேன். அவர் உதவியது எல்லாம் மெயிலில் இருந்தது, எனக்கு சிசி வைத்திருந்தார். இன்னொருவருக்கு மூன்று. அவரைப் பற்றி நினைவுக்கு எதுவும் வரவில்லை. சில மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போனார். அடுத்த மாதக் கடைசியில் கணக்கு ஷீட்டில் ஒரு ஃபார்முலா உடைந்தது. யாரைக் கேட்டாலும் "அதை அக்காதான் மாதாமாதம் சரி பண்ணி வைப்பாங்க" என்றார்கள். இரண்டு சப்ளையர்கள் போன் செய்து அவரைக் கேட்டார்கள். ஒவ்வொரு மாதமும் பில் வருவதற்கு முன்பே கூப்பிட்டு ஞாபகப்படுத்துவாராம். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம்தான் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் எனக்குத் தெரியாது. ஏழு பேர் இருந்த அறையில் அவர் எனக்கு நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று மதிப்பெண் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அவர் பெண் என்பதும் தற்செயல் இல்லை என்று பிறகு படித்தபோது புரிந்தது. 2005இல் மேடலின் ஹைல்மனும் ஜூலி சென்னும் நடத்திய சோதனைகளில், ஒரே உதவியை ஆண் செய்தால் அவர் மதிப்பு ஏறியது. பெண் செய்தால் ஏறவில்லை. செய்யாமல் விட்டால் பெண்ணின் மதிப்பு இறங்கியது, ஆணுக்கு இறங்கவில்லை. பெண் உதவுவது இயல்பு, ஆண் உதவுவது பெருந்தன்மை என்று பார்க்கும் கண்ணின் கணக்கு அது. லிண்டா பாப்காக்கும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் துல்லியமானது. யாராவது ஒருவர் செய்தே ஆக வேண்டும், ஆனால் செய்பவருக்கு லாபம் இல்லை என்ற மாதிரி வேலைக்கு, ஆணும் பெண்ணும் கலந்த குழுவில் பெண்கள் ஆண்களைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு முன்வந்தார்கள். பெண்கள் மட்டும், ஆண்கள் மட்டும் உள்ள குழுக்களில் அந்த வித்தியாசம் மறைந்தது. ஆகவே இது பிறவிக் குணம் இல்லை. அவர்தான் செய்வார் என்று எல்லோரும், அவர் உட்பட, எதிர்பார்ப்பதன் விளைவு. பிம்பத்தைப் பேணும் வாய்ப்பே எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. சிலருக்கு உதவி முதலீடு, சிலருக்கு அது வாடகை.

இந்த வாடகை விஷயம் இன்னொரு பக்கமும் போகிறது. எல்லோரும் பேருக்காகக் கூடுதலாகச் செய்யத் தொடங்கினால், நேற்றைய கூடுதல் இன்றைய குறைந்தபட்சம் ஆகிவிடும். ஆறு மணிக்குக் கிளம்புகிறவர் 'சீக்கிரம் போகிறவர்' ஆவது இப்படித்தான். எரான் விகோடா-கடோட் 2006இல் இதைக் 'கட்டாயக் குடிமை' என்று அழைத்தார். தன் விருப்பம் என்ற பெயர் மட்டும் மிஞ்சும், மறுக்க முடியாது. முந்தைய வருஷம் பொலினோவும் வில்லியம் டர்ன்லியும் முன்வந்து செய்பவர்களை ஆராய்ந்தபோது, அவர்களிடம் வேலைப்பளு, மன அழுத்தம், வீட்டோடு மோதல் மூன்றுமே கூடியிருந்தன. பிறகு வந்த ஆய்வுகள் இந்தச் சோர்வுக்கே தனிப் பெயர் வைத்தன. சோர்ந்தவர் முதலில் எதை விடுவார்? யாரும் பார்க்காத உதவியைத்தான். பார்க்கிற உதவியை விட்டால் பேர் போகும்.

இன்று பாதி வேலை சாட்டிலும் மெயிலிலும் நடக்கிறது. அங்கே தட்டச்சு செய்யப்பட்ட உதவி மட்டுமே இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் குனிந்து காட்டிக் கொடுத்தது எங்கேயும் பதிவாகாது. கூச்சப்படுகிறவர்களுக்கு இது இரட்டை நஷ்டம். தான் செய்ததைத் தானே சொன்னால் கெட்டதா என்றால், அதிலும் ஒரு சிக்கல் உண்டு: நற்செயலைப் பறைசாற்றுபவரின் நோக்கத்தைக் கேட்பவர்கள் சந்தேகிக்கிறார்கள். உதவியது ஏற்கெனவே தெரிந்திருக்கும் இடத்தில் வாய் திறந்தால் மதிப்பு இறங்குகிறது. அதனால் 'நீங்களும் உங்களைக் காட்டிக்கொள்ளுங்கள்' என்று அந்த அக்காவுக்கு அறிவுரை சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் வேலை செய்த விதத்தில் தப்பு இல்லை, நான் பார்த்த விதத்தில்தான் தப்பு.

ஆகவே மதிப்பெண் போடுகிறவர்களுக்குத்தான் சொல்ல எனக்கு விஷயம் இருக்கிறது. ஒருவரின் நோக்கம் சுத்தமா என்று தோண்ட வேண்டாம். அவருக்கே அது முழுசாகத் தெரியாது. உதவி எங்கே போகிறது என்று பாருங்கள். தனக்குப் பதில் உபகாரம் செய்ய வழியே இல்லாதவர்களுக்கும், நேற்று சேர்ந்த பையனுக்கும், ஒப்பந்த ஊழியருக்கும், வேறு டீமில் இருப்பவருக்கும் அது போகிறதா? ப்ரமோஷன் வந்த பிறகும் போகிறதா? தன் வேலையைக் கீழே போட்டுவிட்டுப் போகிறதா? இதையெல்லாம் மேலிருந்து பார்த்தால் தெரியாது, பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். "போன மாதம் உங்கள் வேலை யாரால் சுலபமாச்சு?" என்று ஒரு கேள்வி போதும். எங்கள் ஏழு பேரிடமும் நான் அதைக் கேட்டிருந்தால், நாலு பேராவது ஒரே பெயரைச் சொல்லியிருப்பார்கள்.

அந்த வார்டுக்கு வருவோம். மேற்பார்வையாளர் கையில் பட்டியல் இருக்கிறது. புதியவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் பேர் அதில் ஏறிவிட்டது, ஏறட்டும், பாதிப் பாடமும் பாடம்தான். காலை ஷிஃப்ட்காரர் வந்து ட்ராலியை இழுக்கிறார். அவரிடம் இன்னும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொல்வார்: "இவங்க நைட் பார்த்த அன்னைக்கு மட்டும் நான் ஸ்டோருக்கு ஓட வேண்டியதே இல்லை."